டொலர் எங்கே போனது, தம்பி

இணுவில்,
20.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணில் வெண்புரை எடுத்த பிறகு அத்தான் பத்திரிகையைத் தானே வாசிக்கிறார். கிணறு கீழே போய்விட்டது, ஆடி மாதத்தில் எப்போதும் உள்ளதுதான். நல்லூர்க் கொடியேற்றம் கிட்டுவதால் ஊரில் வெளிநாட்டு ஆட்களின் நடமாட்டம் தொடங்கிவிட்டது. நீ இந்த முறையும் ரொறன்ரோவிலிருந்து வரவில்லை என்பதுதான் குறை.

போன ஞாயிறு நாங்கள் கதைத்தது மனதில் கிடந்து உறுத்துகிறது. "கள்ளரைப் பிடித்து உள்ளே போட்டால் நாடு தானாக நிமிரும் அக்கா" என்றாய். பக்கத்தில் நின்ற உன் மகன், "எல்லாம் சீனாவின்ரை கடன்தானே மாமி" என்றான். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவ்வளவுதான் காரணம் என்று இருந்துவிட்டால் இதே கிடங்கில் திரும்பவும் விழுவோம். 2022இல் நாட்டை முறித்தது களவு மட்டும் இல்லை. அமைச்சரவையில் முடிவெடுத்து, வர்த்தமானியில் அச்சடித்து, எல்லோரும் பார்க்கப் பகிரங்கமாகச் செய்த காரியங்கள்தான் பெரிய சேதத்தைச் செய்தன. கள்ளனைப் பிடிக்கப் பொலிஸ் போதும். அப்படியான முடிவுகளைத் தடுக்கப் பொலிஸ் உதவாது. வங்கியிலேயே தலை நரைத்தவள் என்பதால் இதை உனக்கு ஆறுதலாக எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் வரி. 2019 கார்த்திகையில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். அந்த மாதம் முடிவதற்குள் வரிகளைக் குறைக்க முடிவெடுத்தார்கள். வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்தால் வற் வரிக்குப் பதியவேண்டும் என்றிருந்த எல்லையை 300 மில்லியனுக்கு உயர்த்தினார்கள். சம்பளத்தில் மாதாமாதம் கழித்த வரியை எடுத்துவிட்டார்கள். மாதம் இரண்டரை இலட்சம் உழைப்பவர்கூட வருமான வரி கட்டத் தேவையில்லை என்றாயிற்று. அந்த நாளில் எங்கள் ஊரில் மாதம் இரண்டரை இலட்சம் உழைத்தவர்கள் யார்? விரல் விட்டு எண்ணலாம். மரக்கறி விற்கிற மனிசிக்கும் பாடசாலைச் சிற்றூழியருக்கும் இதனால் ஒரு சதம் மிஞ்சவில்லை. வசதி உள்ளவனுக்குக் கொடுத்த சலுகை இது, அதற்கு விலை கொடுத்தது நாடு.

அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது. அதற்கு முந்திய ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளால் அடிபட்ட சுற்றுலாத் தொழில் அடியோடு படுத்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 வீதத்துக்கு மேலிருந்த அரச வருமானம், 2021இல் 8 வீதத்தளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு அரசுக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாவிலும் எழுபதுக்கு மேல் வட்டிக்கே போனது. மிச்சத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம், ஆஸ்பத்திரி மருந்து, இராணுவம் எல்லாம் பார்க்கவேண்டும். எப்படிப் பார்ப்பது? மத்திய வங்கி அரசின் கடன் பத்திரங்களைத் தானே வாங்கி ரூபாவை உண்டாக்கிக் கொடுத்தது. காசு அச்சடித்தார்கள் என்று சனம் சொல்வது அதைத்தான். பொருள் கூடாமல் காசு மட்டும் கூடினால் என்ன நடக்கும் என்பதை 2022 புரட்டாதியில் பார்த்தோம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருளுக்கு அது 95 வீதம். ஓய்வூதியக் காசைக் கொண்டு கடைக்குப் போய், வாங்க நினைத்ததில் பாதியோடு திரும்பிய அந்த மாதங்களை நான் மறக்கமாட்டேன்.

இப்போது உன் மகன் சொன்ன சீனக் கடனுக்கு வருகிறேன். அம்பாந்தோட்டைத் துறைமுகம், மத்தள விமான நிலையம், தாமரைக் கோபுரம் என்று வருமானம் தராத கட்டடங்களுக்குச் சீனாவிடம் வாங்கியது உண்மை. துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்ததும் உண்மை. ஆனால் எங்கள் கழுத்தை முதலில் இறுக்கியது அது இல்லை. 2007இல் தொடங்கி, இறைமைப் பிணைமுறி என்ற பெயரில் உலகச் சந்தையில் அரசு டொலராகவே கடன் எடுத்தது. கொடுத்தவர்கள் நியூயோர்க்கிலும் லண்டனிலும் இருக்கிற முதலீட்டு நிதியங்கள். வட்டி கூட, தவணை குறுகியது, தவணை வந்தால் முழு முதலையும் ஒரே நாளில் கட்டவேண்டும். பழைய முறிக்குப் புது முறி விற்றுக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டுக் கடனில் ஆகப் பெரிய பங்கு இதுதான், சீனாவின் பங்கைவிடக் கூட. 2020இல் வரி வருமானம் விழுந்ததைக் கண்டதும் தரப்படுத்தும் நிறுவனங்கள் எங்கள் தரத்தைக் குறைத்தன. அதன்பிறகு புது முறி வாங்க ஆள் இல்லை. அந்த நாளே கடன்காரரைக் கூப்பிட்டு, தவணையைத் திருத்திக் கேட்டிருக்கவேண்டும். சர்வதேச நாணய நிதியத்திடம் போயிருக்கவேண்டும். பொருளாதாரம் படித்தவர்கள் பலர் பத்திரிகையில் எழுதினார்கள், யாரும் காதில் எடுக்கவில்லை. கையிருப்பிலிருந்து கட்டினார்கள். 2022 தை மாதம், மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் தட்டுப்பட்டு நின்ற நேரத்தில், 500 மில்லியன் டொலர் முறி ஒன்றை முழுதாகக் கட்டித் தீர்த்தார்கள். 2019 கடைசியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பில், 2022 வைகாசியில் எடுத்துச் செலவழிக்கக்கூடியது 50 மில்லியனும் இல்லை என்று நிதி அமைச்சரே சொன்னார். அதற்கு முதல் மாதமே, சித்திரை 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்திருந்தார்கள்.

டொலரின் விலை விசயம் உன்னையும் தொட்டது, அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். 2021 ஆவணிக்குப் பிறகு ஒரு டொலர் 203 ரூபாவைத் தாண்டாமல் பிடித்து வைத்தார்கள். வெளியில் அது 240ஐத் தாண்டிப் போனது. நீ 500 அமெரிக்க டொலர் அனுப்புகிறாய் என்று வை. வங்கியால் வந்தால், அரசு டொலருக்குச் சேர்த்துத் தந்த 10 ரூபாவோடும் ஒரு இலட்சத்து ஆறாயிரம் ரூபா சொச்சம். வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிற உண்டியல்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டு வாசலில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் எண்ணித் தருவான். பால்மா தட்டுப்பட்ட நேரம், பிள்ளையின் ரியூசன் காசு கட்டாத நேரம், எந்தத் தாய் வங்கிக்குப் போவாள்? வெளிநாட்டுக் காசு மாற்றும் கவுண்டரில் பின் நம்பர் எழுதிய துண்டோடு வரிசையாக நின்ற அதே பெண்கள், அந்த மாதங்களில் வங்கிப் பக்கமே வரவில்லை என்று என்னோடு வேலை செய்த பிள்ளை சொல்லுவாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிழை விலையைக் கட்டிப்போட்டவர்களுடையது. தொழிலாளர் வெளிநாடுகளிலிருந்து வங்கி வழியாக அனுப்பிய காசு 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் 5.5. 2022இல் 3.8. உண்டியலில் போன டொலர் ரொறன்ரோவிலும் டுபாயிலும் நின்றுவிட்டது, இங்கே ரூபா மட்டும் கை மாறியது. நாட்டுக்கு டொலர் வராததால் வங்கிகளால் இறக்குமதிக்கு எல்.சி. என்கிற கடன் கடிதம் திறக்க முடியவில்லை. பருப்பும் சீனியும் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனில் கிடக்க, காசு கட்டி எடுக்க ஆளில்லை. 2022 பங்குனி 7ஆம் திகதி பிடியை விட்டார்கள். படிப்படியாக விடவேண்டியதை ஒரேயடியாக விட்டதால் வைகாசிக்குள் டொலர் 360க்குப் போனது.

பசளைக் கதை உனக்குத் தெரியும். 2021 சித்திரையில் ஒரு நாள், இனி இரசாயனப் பசளையே நாட்டுக்குள் வராது என்றார்கள். இயற்கை விவசாயம் கூடாதென்று நான் சொல்லவில்லை. ஆனால் மண்ணைப் பழக்காமல், விதையை மாற்றாமல், மாற்றுப் பசளை கையில் இல்லாமல் ஒரு வர்த்தமானியால் அதைச் செய்யலாமா? இரணைமடுவின் கீழ் வயல் செய்கிற சித்தப்பாவின் மகன் அந்தப் பெரும்போகத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பயிர் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை, இலை மஞ்சளித்து நின்றது. கதிரை உள்ளங்கையில் கசக்கிக் காட்டினான், பாதி சப்பி. அறுவடை மெசினுக்குக் கொடுக்கிற கூலிக்கே நெல் காணாது என்று சில வரம்புகளை அறுக்காமல் மாட்டுக்கு விட்டுவிட்டான். நாடு முழுக்க அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் மூன்றிலொன்றுக்கு மேல் குறைந்தது. பசளையில் மிச்சம் பிடித்த டொலர் அரிசி இறக்குமதியில் கரைந்தது. மலையகத்தில் 2021இல் 300 மில்லியன் கிலோவுக்குக் கிட்ட இருந்த தேயிலை, அடுத்த ஆண்டு 250 மில்லியன் அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் முதலில் அடிபடுவது கொழுந்து பறிக்கிறவளின் நாட்சம்பளம். நாட்டுக்கு டொலர் தேடித் தந்த கைகள் அவர்களுடையவை. அவர்களைப்பற்றி இந்தக் கணக்குகளில் யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

பெற்றோல் வரிசை, 13 மணித்தியால மின்வெட்டு, காலிமுகத்திடல் போராட்டம், ஆடி 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது எல்லாம் நீ தொலைக்காட்சியில் பார்த்தவை. நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். மண்ணெண்ணெய். கொழும்பில் அது ஒரு செய்தியே இல்லை. இங்கே செம்மண் தோட்டத்துக்கு இறைப்பதும் குருநகரில் சின்னப் படகு கடலுக்குப் போவதும் மண்ணெண்ணெயில்தான். மாதக்கணக்கில் கிடைக்கவே இல்லை. பிறகு 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. பின்வளவுக்காரர் வெங்காயத்துக்கு ஒரு தண்ணி குறைத்து இறைத்துப் பார்த்தார், குமிழ் திரளவில்லை. அந்த ஆண்டு பங்குனியிலிருந்தே மன்னாரிலிருந்தும் எங்கள் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் இரவில் படகேறித் தனுஷ்கோடிக்குப் போய் இறங்கின. போரில் போய்த் திரும்பி வந்தவர்களே, இம்முறை பசியால் போனார்கள். தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

இவ்வளவும் இரண்டு மூன்று ஆண்டுப் பிழை. அதற்கு அடியில் பழைய நோய் ஒன்று கிடக்கிறது. நாணய நிதியத்தின் வாசலுக்கு 1965இலிருந்து பதினாறு முறை போன நாடு இது. 2023 பங்குனியில் கிடைத்த ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் பதினேழாவது. ஏற்றுமதி செய்வதைவிட இறக்குமதி செய்தே சாப்பிட்டோம், இடைவெளியைக் கடனால் நிரப்பினோம். போர் முடிந்தபோது உற்பத்தியைப் பெருக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடியது மூடியதுதான். ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை 2025 பங்குனியில்தான் திறக்கப்பட்டது, சுற்றிவரக் கடல் உள்ள நாடு உப்பை இறக்குமதி செய்துகொண்டிருந்த அதே காலத்தில். படை மட்டும் குறையவில்லை. நாடு வங்குரோத்தான பிறகு போட்ட 2023 வரவுசெலவுத் திட்டத்திலும் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது சுகாதாரத்துக்கு ஒதுக்கியதைவிடக் கூட. இரண்டு இலட்சம் பேர் கொண்ட இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாக்குவோம் என்று அறிவித்தார்கள். அது முழுதாக நடக்கவேண்டும். இராணுவம் பிடித்து வைத்திருக்கிற தோட்டக் காணிகள் உரியவர்களிடம் போனால் அதுவும் ஒரு பொருளாதாரச் சீர்திருத்தம்தான்.

இனி, என்ன செய்தார்கள் என்று கேட்பாய். மத்திய வங்கி ஆளுநராக நந்தலால் வீரசிங்க வந்ததும் வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளி உயர்த்தினார். கடன் எடுத்துத் தொழில் செய்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனாலும் விலை ஏற்றம் அடங்கியது. 2023இல் புது மத்திய வங்கிச் சட்டம் வந்தது. அரசுக்குக் காசு உண்டாக்கிக் கொடுக்க இனி அந்த வங்கிக்கு அனுமதி இல்லை. நடந்தவற்றுள் ஆக முக்கியமானது அதுதான் என்பது என் எண்ணம். எந்தக் கட்சி வந்தாலும் அதில் கை வைக்க விடக்கூடாது. மின்கட்டணத்தைச் செலவுக்கு ஏற்ப உயர்த்தினார்கள். 2014இலிருந்து தொடாமல் வைத்திருந்து 2022இலும் 2023இலும் ஒரேயடியாக ஏற்றினால் சனம் எப்படித் தாங்கும்? எங்கள் ஒழுங்கையிலேயே கட்டணம் கட்ட வழியில்லாமல் வயர் வெட்டப்பட்ட வீடுகள் இருந்தன.

நான் ஒத்துக்கொள்ளாத பகுதி, சுமையைப் பங்கிட்ட விதம். அரச வருமானம் இப்போது 13 வீதத்தைத் தாண்டிவிட்டது, நல்லது. அதில் பெரும்பகுதி வற் வரியைப்போல எல்லோரும் சமமாகக் கட்டுகிற வரிகளிலிருந்து வருகிறது. 8 வீதமாக இருந்த வற் வரி இன்று 18. கொழும்பில் மாடிவீடு நாலு வைத்திருப்பவனும் எங்கள் மரக்கறி மனிசியும் ஒரு சவர்க்காரத்துக்குக் கட்டுவது ஒரே வரி. சொத்து வரி போடுவோம் என்ற பேச்சு வந்தது, தள்ளித் தள்ளிப் போகிறது. உள்நாட்டுக் கடனைத் திருத்தியபோது வங்கிகளை விட்டுவிட்டு, ஊழியர் சேமலாப நிதியின் முறிகளின் வட்டியைக் குறைத்தார்கள். அது ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளினதும் தோட்டத் தொழிலாளரினதும் முதுமைக் காசு. வறுமைக்கோட்டின் கீழ் வாழ்பவர்கள் 2019இல் ஒன்பது பேருக்கு ஒருவர். 2024இல் ஏறத்தாழ நாலு பேருக்கு ஒருவர். 2019இல் சலுகை பெற்றவர்களிடம் அந்தக் காசைத் திரும்பக் கேட்காத சீர்திருத்தம் பாதிச் சீர்திருத்தம்.

நீ கேட்ட கள்ளர் விசயத்துக்கும் பதில் இருக்கிறது. 2023 கார்த்திகை 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும், முன்னாள் மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ராலும், இன்னும் சில உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கைக்கு மாறாக நடந்து அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பு. வழக்குப் போட்டவர்களுக்கு ஒன்றரை இலட்சம் ரூபா செலவுத்தொகை. நாட்டுச் சனத்துக்கு நட்டஈடு எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார். களவெடுத்தார்கள் என்று அது சொல்லவில்லை. கண்முன்னே தெரிந்த ஆபத்தைப் பார்த்தும், எச்சரித்தவர்களைக் கேட்டும், செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்றுதான் சொல்கிறது. நான் கேட்பதும் அதுதான். வரியைக் குறைப்பதானால் அதனால் எவ்வளவு வருமானம் போகும், அந்த ஓட்டையை எதனால் அடைப்பாய் என்று முதலில் பாராளுமன்றத்தில் எழுத்தில் வைக்கவேண்டும். யாரிடம், எந்த வட்டிக்கு, எதற்குக் கடன் எடுத்தது என்று ஒவ்வொரு ஒப்பந்தமும் வெளியில் வரவேண்டும். யாருக்கு எவ்வளவு வரிச்சலுகை போகிறது என்று பெயரோடு அச்சடிக்கவேண்டும், தமிழிலும். ஒரு மனிதன் விடியப்புறம் எடுக்கிற முடிவில் இரண்டு கோடிச் சனத்தின் சோறு தங்கியிருக்கக்கூடாது.

காலம் கனக்க இல்லை, தம்பி. பெரிய கடன் தவணைகள் 2028இல் திரும்பத் தொடங்குகின்றன. 2025 ஆனியில் கையிருப்பு 6 பில்லியன் டொலரளவுக்கு வந்தது, அதை வைத்துக்கொண்டு எல்லாம் சரி என்று இங்கே சிலர் கதைக்கிறார்கள். வாகன இறக்குமதியைத் திறந்ததும், அதே டொலரைக் கரைக்க ஷோரூம்களில் கூட்டம்.

உன்னிடம் இரண்டு விசயம் கேட்கிறேன். எங்கள் கட்சிக்காரரும் தெற்குக் கட்சிக்காரரும் காசு சேர்க்க ரொறன்ரோவுக்கு வருவார்கள். அடுத்த முறை மண்டபத்தில் எழும்பி, யாரிடம் வரி எடுப்பீர்கள், இராணுவச் செலவை எவ்வளவு குறைப்பீர்கள், கடன் ஒப்பந்தங்களை எப்போது வெளியிடுவீர்கள் என்று கேள். பதில் சொல்லாமல் தமிழ், சிங்களம் என்று தொடங்கினால் ஒரு டொலரும் கொடுக்காதே. மற்றது, உண்டியலுக்கும் வங்கிக்கும் இன்று பெரிய வித்தியாசம் இல்லை, டொலர் சந்தை விலையில் போகிறது. அம்மாவின் திவசத்துக்கும் வாசிகசாலைக் கூரைக்கும் நீ அனுப்ப இருக்கிற காசை வங்கி வழியாகவே அனுப்பு.

உன் அன்பு அக்கா